மூன்று தலை

மூன்று தலை இருந்தால் போதும்
என்று சொன்ன தடம் அது.
வலது ஓரம். வெள்ளைச் சாயத்தில் ஒரு சாய்சதுரம்,
நடுவில் மூன்று.

பூச்சோங்கில் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பும் என் சாகா.
முன்னிருக்கையில் நோராஸ்லின், மடியில் நாசி லெமாக் பொட்டலம்.
பின்னால் புனிதமலர், காதில் ஒயர்.
அவள் தோளில் தூங்கி வழியும் ஹூய் மின்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நால்வருக்கும் ஒரே ஷிப்ட்.
பெட்ரோல் காசு வெள்ளிக்கிழமை பங்கு.
சில்லறை குறைந்தால் அடுத்த வாரம்;
அடுத்த வாரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பிரியப்பட்டுச் சேர்ந்தவர்கள் இல்லை நாங்கள்.
தடம் சேர்த்து வைத்தது.
முதல் மாதம் வானிலை மட்டும் பேசினோம்.
மூன்றாம் மாதம் ஹூய் மின் புருஷனுக்கு
எவ்வளவு கடன் என்று எனக்குத் தெரியும்.

ஒரு செவ்வாய், இரண்டு பேருக்குக் காய்ச்சல்.
நானும் புனிதமும்தான்.
பஸ் நிறுத்தத்தில் செக்யூரிட்டி உடுப்பில் ஒருவர்,
நேப்பாளி. கை காட்டி ஏற்றிக்கொண்டோம்.
இறங்கும்போது ஐந்து வெள்ளியை நீட்டினார்.
எந்த மொழியில் சொல்வது அவருக்கு,
இன்றைக்கு எங்கள் டிக்கெட்டே நீங்கள்தான் என்று?

ஏமாற்றியவர்களும் உண்டு.
அரிசி மூட்டைக்குச் சட்டை மாட்டி,
தொப்பி வைத்து, பெல்ட்டும் போட்டு ஒருவன்.
போலீஸ்காரர் குனிந்து பார்த்து
மூட்டையிடம் ஐ.சி. கேட்டாராம்.
கூச்சாய் லாமா வரை சிரித்தோம் நாங்கள்.

இப்போது கருத்துச் சொல்லக் கூப்பிட்டார்கள்.
தாமான் மண்டபம், சனிக்கிழமை, இரவு எட்டு.
பிளாஸ்டிக் நாற்காலி, தட்டில் ஆறிப்போன கறிப்பஃப்.
திரையில் தடம் அப்படியே இருந்தது.
மூன்று மட்டும் இல்லை.
அந்த இடத்தில் நான்கு ரிங்கிட் அறுபது சென்.
நெரிசலைப் பார்த்து ஏறும், இறங்கும் என்றார் அதிகாரி.
இறங்கும் என்றபோது மண்டபமே சிரித்தது.
அவரும் கொஞ்சம்.

தடம் பாதி காலியாகக் கிடக்கிறது,
காலியாகக் கிடப்பது வீண் என்றார்.
காலியாக இருந்ததால்தானய்யா அது ஓடியது
என்று பின்வரிசையில் ஒரு டாக்சிக்காரர்.
மைக் அவரிடம் போய்ச் சேருவதற்குள்
கேள்வி நேரம் முடிந்துவிட்டது.

மூன்று பேராகப் போனால்?
போகலாம். பாதிக் கட்டணம்.
மூவரும் செயலியில் பதிய வேண்டும்,
முந்தின நாளே.
காய்ச்சல் முந்தின நாளே பதிந்துகொண்டா வருகிறது
என்று கேட்கத்தான் எழுந்தேன்.

நோராஸ்லின் என் முழங்கையைப் பிடித்தாள்.
மெதுவாகச் சொன்னாள்:
மகனுக்கு வலிப்பு வந்த அன்று
இது இருந்திருந்தால் கொடுத்திருப்பேன்.
நாற்பத்தாறு கேட்டாலும்.
அன்று காரில் நானும் அவனும் மட்டும்.
ஒரு தலை குறைந்தது.

உட்கார்ந்துவிட்டேன்.
மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள்,
இதை இன்றுதான் சொல்கிறாள்.
அவளுக்குப் பதில் திரையில் இல்லை,
என்னிடமும் இல்லை.

ஆனாலும் எழுதினோம்.
ஆட்சேபம் என்ற கட்டத்தில் மூன்றே வரிக்கு இடம்.
புனிதம் எழுதினாள்.
மலாயை நோராஸ்லினே திருத்தினாள்.
நாலு கையெழுத்து.
மேசைப் பெண் எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்:
ஒரு தாளுக்கு ஒரு ஆள்தான், அக்கா.

வெளியே மழை விட்டிருந்தது.
சாகாவின் மூக்கைத் துடைத்து
அதன்மேல் வைத்து நாலு தாள் நிரப்பினோம்.
பேனா ஒன்று, கை மாறி மாறி.
வாசகம் ஒன்றே. பிழையும் ஒன்றே.
நோராஸ்லின் தாளில் மட்டும்
கட்டத்துக்கு வெளியே நாலாவதாக ஒரு வரி இருந்தது.
நான் படிக்கவில்லை.
திங்கள், ஐந்தே முக்கால் என்றேன்.
தெரியும் என்றாள்.